எடைக் குறைப்பு ஊசி: மலாக்காத் தமிழர் வட்டாரம்

எடைக் குறைப்பு ஊசி என்பது பசியைத் தணித்து உடல் எடையைக் குறைப்பதற்காகத் தோலுக்கடியில் செலுத்தப்படும் மருந்து. செமாகுளூடைடு (ஓசெம்பிக், விகோவி), தீர்செபடைடு (மவுஞ்சாரோ) ஆகியவை வாரம் ஒரு முறையும், இவற்றுக்கு முந்தைய லிராகுளூடைடு (சக்செண்டா) நாள்தோறும் போடப்படுகின்றன. இவற்றின் தொடக்கம் நீரிழிவு மருத்துவத்தில் உள்ளது. மலேசியத் தமிழர் பேச்சில் அந்த நோய்க்கு ‘இனிப்பு நீர்’ என்று பெயர். ஊசியில் இருக்கும் மருந்து எதுவானாலும் ‘ஓசெம்பிக்’ என்ற ஒரே பெயரால் சுட்டுவதும் வழக்கம்.

இப்பதிவு மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், கெமெண்டோர், மெர்லிமாவ் போன்ற தோட்டப் பகுதிகளையும், அலோர் காஜா, ஜாசின், டுரியான் துங்கல் முதலிய ஊர்களையும் கருத்தில் கொண்டது. சுல்தானகக் காலத்திலேயே வேரூன்றி இன்று மலாய் பேசும் காஜா பெராங் செட்டி சமூகத்தின் உடல்நல வரலாறு தனிப் பதிவுக்கு உரியது.

தோட்டக் காலம்: மெலிவும் ஊசியும்

மலாயாவில் வணிக அளவிலான முதல் ரப்பர் நடவு 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நடந்தது. நட்டவர் பாபா சீனரான டான் சே யான். அவருடைய அடுத்த முயற்சி புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் இந்த வட்டாரத்தை நிரப்பின. அக்கால மருத்துவ அறிக்கைகள் உடல் பருமனைப் பற்றிப் பேசவில்லை. அவற்றின் பக்கங்களை நிரப்பியவை மலேரியா, கொக்கிப்புழு, சோகை, வயிற்றுப்போக்கு ஆகியவை.

கொக்கிப்புழுவை ஆராய ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் பணிபுரிந்தது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடந்து வேலை செய்தவர்களின் இரத்தத்தை அந்தப் புழு உறிஞ்சியது. மலேரியாவுக்குக் கொயினா (குவினைன்). விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு மடக்கு கொடுத்துக் கண்முன்னே விழுங்கச் செய்வது பல தோட்டங்களில் நடைமுறை. விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு போய்த் துப்பிவிடுபவர்களைப் பற்றி நிர்வாகிகள் குறைபட்டுக்கொண்டதும் உண்டு. அந்தக் கசப்பை அறிந்தவர்கள் துப்பியவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இக்காலத்தின் மிக நல்ல ஆவணம் அரிசியைப் பற்றியது. எடையின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு என்பதால் சற்று விரித்துச் சொல்லப்படுகிறது. பெரிபெரி நோய் சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றபோது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைச் சோற்றில் கண்டார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். 1907இல் அவர் இதை ஒரு நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் இருவகை அரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலெபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே சோதித்தனர். எல்லா முடிவுகளும் புழுங்கல் அரிசியின் பக்கமே சாய்ந்தன. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிற்காலத்தில் தயமின் என்று பெயர் பெற்ற அந்தச் சத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் காலங்காலமாக அவித்துப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.

ஊசியின் மீதான நம்பிக்கையும் இக்காலத்தில் பிறந்ததே. யாஸ் எனும் தோல்புண் நோய்க்கு 1910க்குப் பின் வந்த ஆர்சனிக் ஊசிகள், ஆறாத புண்களைச் சில நாட்களில் ஆற்றின. மலாயாக் கிராம மக்கள் மேலை மருத்துவத்தை நாடத் தொடங்கியதற்கு இந்த ஊசியே முதன்மைக் காரணம் என மருத்துவ வரலாற்றாளர் சிலர் கருதுவர். தோட்டங்களில் இந்த நம்பிக்கையின் உருவம் ‘டிரஸ்ஸர்’. மருத்துவ உதவியாளரான இவர் பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருப்பார். கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் அடுப்பில் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்து, ஆவி அடங்கும்வரை காத்திருப்பார். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு ஊசியைவிடக் கொடியது. மாத்திரை மட்டும் தந்தனுப்பினால் சரியாகப் பார்க்கவில்லை என்ற குறை நிலவியது.

அந்நாளில் எடை கூடுவது நலத்தின் அடையாளம். காய்ச்சலில் படுத்தவர் எழுந்தால் ‘உடம்பு தேறியிருக்கிறது’ என்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அவள் ‘பூசினாற்போல்’ இருந்தால் மகிழ்வார்கள். எலும்பு தெரிவது ஏழ்மையின் முத்திரை.

ஜப்பானியர் காலம் (1942–45)

மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை.

தோட்டத்திலிருந்து ஊருக்கு

1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1970களுக்குப் பின் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகள் தோட்டத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு ரப்பர் மரங்களில் பால் வெட்டி, மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் சுமந்து நடந்த உடலுக்கு ஏற்ற சோற்றின் அளவு, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் உட்காரும் உடலுக்கும் தட்டில் தொடர்ந்தது. டின் பால் கலந்த தேத்தண்ணீரும் ரொட்டி சானாயும் அதனுடன் சேர்ந்தன. புழுங்கல் அரிசியும் பெரும்பாலான வீடுகளில் வெள்ளை அரிசிக்கு இடம் விட்டது. தயமின் குறைவு வரவில்லை, வேறொன்று வந்தது.

தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் பருமனான பெரியவர்களின் விகிதம் 1996இல் 4.4 சதவீதம், 2019இல் 19.7 சதவீதம். அதிக எடை உள்ளவர்களையும் சேர்த்தால் 2019இல் 50.1 சதவீதம், 2023இல் 54.4 சதவீதம். 2019 கணக்கெடுப்பில் இந்தியர்களிடம் இது 63.9 சதவீதமாக, எல்லா இனங்களையும்விட மேலே நின்றது. அதே கணக்கெடுப்பில் இனிப்பு நீர் நாடு முழுவதும் 18.3 சதவீதம், இந்தியர்களிடம் 31.4 சதவீதம். ஆசிய உடல்வாகுக்கு உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர்கள் 2004இல் கூறியிருந்தனர். மேற்கண்ட கணக்கெடுப்புகள் அதிக எடைக்கு 25ஐ எல்லையாகக் கொண்டவை.

காரணம் பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள்ளும் கொழுப்பை மிகுதியாகத் தாங்கும் பிறவி அமைப்பு இந்தியர்களிடம் உண்டு என்பது புனே ஆய்வாளர்களின் வாதம். பல தலைமுறைப் பசி அதைச் செதுக்கியிருக்கலாம் என்பர் சிலர். சீனியும் உட்கார்ந்த வேலையும் போதிய விளக்கம் என்பர் வேறு சிலர். தோட்டத்துச் சோகை அறிக்கைகளையும் இன்றைய கணக்கெடுப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு மூன்றுமே பொருந்துவதாகத் தோன்றலாம்.

மருந்தின் வரலாறு

உணவு உண்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்கு ‘போதும்’ என்ற செய்தியை அனுப்புகிறது. உடலில் அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும் ஒத்த பொருளை 1992இல் ஜான் எங் என்பவர், கிலா என்னும் அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்டறிந்தார். ஆண்டுக்குச் சில வேளைகளே உண்டு வாழும் பிராணி அது. அதிலிருந்து உருவான எக்செனடைடு 2005இலும், ஓசெம்பிக் 2017இலும், பருமனுக்கென்றே விகோவி 2021இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 1,961 பேரிடம் நடந்த செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரங்களில் சராசரி எடைக் குறைவு 14.9 சதவீதம். தீர்செபடைடின் உயர்ந்த அளவில் 72 வாரங்களில் ஏறத்தாழ 21 சதவீதம். ஊசியை நிறுத்தியவர்களிடம் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது.

தேவை

மெலிவதற்கான மருந்துச் சந்தை இந்த ஊசிக்கு முன்பே இருந்தது. பென்டெர்மின் மாத்திரைகள் தனியார் கிளினிக்குகளில் கிடைத்தன. ‘மெலிய வைக்கும் காப்பி’ என விற்ற பொட்டலங்களில், இதய ஆபத்தால் 2010இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ரமின் கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்தனர். ஓசெம்பிக் சமூக ஊடகங்களில் புகழ் பெற்ற 2022–23இல் உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மெலிய விரும்பியவர்களின் வரிசையில் இனிப்பு நீர் நோயாளிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்.

விலை ஒரு பிரிவுக்கோடு. அரசுக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். தனியாரிடம் ஒரு மாத ஊசிக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மலிவாகத் தருவதாகச் சொல்லும் இணைய விற்பனையாளருக்கும் அழகு நிலையத்துக்கும் இந்த இடைவெளியே வாசல்.

இடர்கள்

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பொதுவானவை. அளவை மெல்ல ஏற்றுவது இவற்றைத் தணிப்பதற்கே. அவசரப்பட்டு முதல் வாரமே பெரிய அளவைப் போட்டவர்கள் நீரிழப்புடன் மருத்துவமனை சேர்வதுண்டு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் குறைவாகவே நேர்கின்றன, ஆனால் கடுமையானவை. எலிகளில் தைராய்டுக் கட்டி கண்டதால் எச்சரிக்கை அட்டையில் இடம்பெற்றது. மனிதரிடம் அது பொருந்துமா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கண் நரம்பைத் தாக்கும் ஓர் அரிய நிலையை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் செமாகுளூடைடின் பக்க விளைவுகளில் சேர்த்தது. பத்தாயிரத்தில் ஒருவர்வரை என்பது அதன் மதிப்பீடு. எடையோடு தசையும் கரைகிறது. முதியோருக்கு இது சிறிய செய்தியன்று.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு நெருக்கமான இடர் வேறு. அரசுக் கிளினிக்கில் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ வாங்கும் ஒருவர், அங்கே சொல்லாமல் வெளியில் இந்த ஊசியையும் போட்டுக்கொண்டால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், அறுவைக்கு முன் மயக்க மருந்து தருபவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லாதிருப்பதும் ஆபத்து. கருத்தரிக்க விரும்புவோர் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

ஒரே பேனாவைக் கணவனும் மனைவியும், அக்காளும் தங்கையும் பகிர்ந்துகொள்வது செலவைக் குறைக்கும் வழியாகத் தோன்றலாம். முனையை மாற்றினாலும் பேனாவுக்குள் இரத்தம் பின்வாங்கிச் சென்று தொற்றைக் கடத்த முடியும். திறவாத பேனாவுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்த ஓசெம்பிக் பேனா 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது. மலாக்காவின் நண்பகல் பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்டும். பனிக்கட்டி இல்லாமல் அஞ்சல் பொட்டலத்தில் வரும் மலிவு ஊசியை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும்.

போலிகள் தனி வகை. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்தப் பேனாக்களில் இன்சுலின் இருந்ததாகக் கருதப்பட்டது. 2024 ஜூனில் உலகச் சுகாதார அமைப்பு, பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் கண்ட போலிகளைக் குறித்து எச்சரித்தது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஒளிர்சின்ன (ஹாலோகிராம்) ஒட்டும் இருக்கும். பதிவு பெறாத மருந்தை விற்பது 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் குற்றம்.

அண்மைக்காலம்

உலகச் சுகாதார அமைப்பு 2025 செப்டம்பரில் இவ்வகை மருந்துகளை, பருமனோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள இனிப்பு நீர் நோயாளிகளுக்கென, இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் செமாகுளூடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை மட்டுமே; அதன்பின் அங்கே மலிவான பதிப்புகளுக்கு வழி திறக்கிறது. சென்னையிலிருந்து திரும்பும் உறவினரின் பையில் பட்டுப்புடவைக்கும் முறுக்குக்கும் இடையே இனி என்ன வரும் என்பதைச் சுங்கத் துறையும் மருந்து அமலாக்கத் துறையும் கவனிக்க வேண்டியிருக்கும்.