கோவில்பட்டிக் கடலை மிட்டாய்

வறுத்த வேர்க்கடலையை வெல்லப்பாகில் கலந்து செய்யப்படும் கடலை மிட்டாய், தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அதன் முதன்மைப் பொருளான வேர்க்கடலை இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த பயிர். தென் அமெரிக்காவில் தோன்றிய அது, போர்த்துக்கீசியர் காலக் கடல் வணிகத்தின் வழியே ஆசியாவில் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு பகுதியில் சாகுபடி பெருகியதற்குக் காரணம் பிரான்ஸின் எண்ணெய்த் தேவை. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்குக் கடலை மூட்டைகள் கப்பலேறின. ஏற்றுமதிக்கென்று வளர்ந்த பயிர், ஏழை எளியவரின் தீனியாகவும் ஆனது.

தென்மாவட்டங்களில் இனிப்புக்குப் பஞ்சமில்லை. பனங்காடுகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் கருப்பட்டிதான் அன்றாட இனிப்பு. ஊர்த் திருவிழாக்களில் கருப்பட்டிப் பாகில் கடலையைச் சேர்த்து விற்கும் வழக்கம் முதலில் இருந்தது. 1940களில் கோவில்பட்டியில் மளிகைக் கடை நடத்திய பொன்னம்பல நாடார், கருப்பட்டிக்குப் பதில் கரும்பு வெல்லத்தைப் பயன்படுத்திச் செய்யத் தொடங்கினார். திருவிழாத் தின்பண்டம் ஆண்டு முழுதும் கடையில் கிடைக்கும் பண்டமாக மாறியது அதன் பிறகுதான். 1876 முதலே மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை ஊர் வழியாகச் சென்றதால், பயணிகள் கையோடு வாங்கிச் செல்லவும் வசதி இருந்தது.

செய்முறையில் மறைப்பதற்கு எதுவுமில்லை. பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கடலையை வெயிலில் உலர்த்தி வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைப்பார்கள். சொத்தையும் பூஞ்சையும் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிவது முக்கியமான வேலை. ஈரத்தில் கெட்ட கடலையில் வளரும் பூஞ்சை, கல்லீரலைப் பாதிக்கும் அஃப்ளாடாக்சின் நச்சை உண்டாக்கும். பிறகு வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சுவார்கள். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் இறுகி உடைய வேண்டும். சற்று முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போடுவார்கள். மேலே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறம் ஏற்றிய தேங்காய்த் துருவல் தூவுவது உள்ளூர் வழக்கம்.

தேனிப் பகுதி வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்தால்தான் அந்தச் சுவை வரும் என்பது உற்பத்தியாளர்களின் உறுதியான நம்பிக்கை. 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடிசைத் தொழிலாக நடக்கும் ஒரு பண்டத்துக்கு இது தகுதியான அங்கீகாரமே.

நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு அதைப் போல் இரு மடங்கு. அதனால்தான் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே ஒரு துண்டு தின்றாலே பசி அடங்குகிறது. வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். இப்போது வெல்லத்தோடு திரவக் குளுக்கோஸ் கலந்த கடலை மிட்டாய்களும் சந்தையில் விற்கின்றன. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்து, கடலையும் வெல்லமும் மட்டும் கொண்டதைக் கேட்டு வாங்குவதே நல்லது.