ஸ்டோ: ஊரும் பூங்காவும்

சென்னையை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாயைப் பலரும் அறிவர். அதற்குப் பெயர் தந்த கோமகனின் குடும்பத்தார் வாழ்ந்த இடம், ஆங்கில நாட்டிலே பக்கிங்காம் பட்டினத்திற்கு வடமேற்கே உள்ள ஸ்டோ ஆகும். அதனை இன்று ஊர் என்பதும் உபசாரமே. இடைக்காலத் தேவாலயம் ஒன்று மரச்செறிவினுள் மறைந்து நிற்கின்றது. அதனைச் சூழ்ந்திருந்த குடிமனைகள் இல்லை.

ஆடு வளர்த்துப் பொருளீட்டிய டெம்பிள் குடும்பத்தார் 1571 இல் இந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். அவர் வழிவந்த கொப்ஹாம் பிரபு படைத்தலைவராய் விளங்கியவர். 1733 இல் தீர்வை மசோதா குறித்து முதலமைச்சர் வால்போலுடன் முரண்பட்ட அவர், தம் அரசியற் கசப்பினைத் தோட்டத்திலேயே எழுதிவைத்தார் எனலாம். வில்லியம் கென்ற் வகுத்த பகுதியிலே பண்டையோர் அறத்திற்கு முழுமையான கோயில் எழுந்தது. தற்காலத்தார் அறத்திற்கோ இடிபாடாகவே கட்டிய கோயிலும் தலையற்ற சிலையும்! அச்சிலை வால்போலையே குறித்தது என்பர். எதிரே சேக்சுபியர், நியூற்றன், எலிசபெத்து முதலிய பதினாறு பிரித்தானியப் பெரியோரின் மார்பளவுச் சிலைகள் வைக்கப்பட்டன.

தோட்டத்தை முதலில் அமைத்த பிரிஜ்மன், வேலிக்குப் பதிலாக ஆழ்ந்த அகழ் வெட்டுவித்தார். மாடுகள் உள்ளே புகா. மாளிகையிலிருந்து நோக்குவோர்க்கோ தடையே தோன்றாது. 1741 இலே தலைமைத் தோட்டக்காரராய் வந்த பிரவுண், புல்வெளியும் மரத்தோப்பும் இயற்கையே போலத் தோன்றச் செய்தார்.

அந்த இயற்கைக்கு இடையூறாயிருந்தவர்கள் ஊர்மக்களே. படிப்படியாக அவர்கள் அயலிலுள்ள டாட்போர்டு முதலிய இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஆயினும் காணவருவோர்க்கென 1717 இலேயே ஒரு சத்திரம் கட்டப்பட்டது. 1744 இல் பக்கிங்காமைச் சேர்ந்த சீலி என்பார் வழிகாட்டி நூலும் வெளியிட்டார். கோயில்களையும் சிலைகளையும் புகழ்ந்த எழுத்துக்கள் பல; பெயர்ந்து போனவர்களின் சொல் ஒன்றேனும் அவற்றோடு வைத்துப் படிக்கக் கிடைத்திருப்பின் வரலாறு வேறு நிறம் பெற்றிருக்கும்.

செல்வமும் நிலைக்கவில்லை. இரண்டாம் கோமகன் கடனில் மூழ்க, 1848 இல் மாளிகைப் பொருள்கள் நாற்பது நாள் ஏலம் போயின. அவர் மைந்தரே 1875 முதல் 1880 வரை சென்னைத் தேசாதிபதியாயிருந்தவர். 1876 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. பசியால் வாடியோர் வெட்டிய அக்கால்வாய் 1878 இல் அவர் பெயரைப் பெற்றது.

ஆண்வாரிசின்றி அவர் 1889 இல் இறந்தார். மாளிகை 1923 இற் பாடசாலையாயிற்று. பூங்கா 1989 இல் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் சேர்ந்தது. பழைய ஊர் இருந்த இடத்தில் அந்தத் தேவாலயம் இன்றும் நிற்கின்றது.