ஸ்லாப்டி

பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்களை அடைவு (டைரக்டரி) என்ற ஒரே இடத்தில் வைத்து வலையமைப்பு முழுவதற்கும் வழங்கும் ஓப்பன்எல்டாப் சர்வர் நிரலின் பெயர் ஸ்லாப்டி. முதலில் உள்ள ‘எஸ்’ தனித்து இயங்குவதைக் குறிக்கும். இடையில் இருப்பது எல்டாப் என்னும் அடைவு அணுகல் நெறிமுறை, அதிலும் ஓர் எழுத்து உதிர்ந்த நிலையில். கடைசி ‘டி’ டீமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்.

‘தனித்து’ என்ற அடைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்பு எழுதப்பட்ட எல்டாப்டி, எக்ஸ்.500 என்னும் பெரிய அடைவுக்கு வெறும் இடைத்தரகர். சொந்தத் தரவு கிடையாது. 1990களின் நடுவில் அங்கேயே பிறந்த ஸ்லாப்டி தரவையும் தானே வைத்துக்கொண்டது. அந்தப் பெரிய அடைவே தேவையற்றுப் போனது.

ஸ்லாப்டி வழக்கமாக 389ஆம் போர்ட்டில் காத்திருக்கும். பழைய முறையில் அமைப்புகள் ஸ்லாப்டி.கான்ஃப் கோப்பில் இருந்தன; திருத்தினால் நிரலை நிறுத்தித் தொடங்க வேண்டும். இப்போது அமைப்புகளே ‘சிஎன்=கான்ஃபிக்’ என்ற அடைவுக் கிளையாக உள்ளன. எல்டாப்மாடிஃபை கட்டளையால் மாற்றினால் பெரும்பாலும் உடனே நடைமுறைக்கு வரும். அக்கிளையின் கோப்புகளை எடிட்டரில் திறந்து கையால் திருத்தக் கூடாது.