ஒரே கொலாஜன், இரண்டு சுவர்கள்

வடக்கு அந்தமானின் டிக்லிபூர் பக்கம் 1988 முதல் மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. உடம்புவலி, தலைவலி, பிறகு இருமலில் ரத்தம். காரணம் பிடிபடாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். அது எலிக்காய்ச்சல்தான் என்பதை 1993இல் போர்ட் பிளேர் மருத்துவ ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. இத்தனைக்கும் அந்தமானில் எலிக்காய்ச்சல் இருப்பது பற்றி 1931லேயே ஆய்வு நூல் வந்திருந்தது!

எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகம், கல்லீரல் என்றே நினைத்துப் பழகியவர்களுக்கு நுரையீரல் ரத்தக்கசிவு புதிராக இருந்தது. சிறுநீரகம், நுரையீரல் ஆகிய இரு உறுப்புகளின் அடித்தளச் சவ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புதிர் கொஞ்சம் அவிழும்.

உறுப்புகளின் பரப்பை மூடும் எபிதீலிய செல்கள் எங்கிருந்தாலும் இந்தச் சவ்வின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதில் லேமினின் வலை ஒன்று, நான்காம் வகை கொலாஜன் வலை ஒன்று, இரண்டையும் இணைக்கும் நிடோஜன், பெர்லிகன். பொதுவாக எபிதீலியத்தின் சவ்வும் ரத்தத் தந்துகியின் சவ்வும் தனித்தனி. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமருலஸிலும் நுரையீரல் காற்று நுண்ணறையின் மெல்லிய பக்கத்திலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஒற்றுமை அதோடு சரி. குளோமருலஸ் சவ்வின் தடிமன் 300 முதல் 350 நானோமீட்டர். நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே செல்களையும் சேர்த்து மொத்தச் சுவரே 200, 300 நானோமீட்டர்தான். அங்கே ஆக்சிஜன் நொடியில் கடக்க வேண்டும்; தந்துகி அழுத்தமும் குறைவு. குளோமருலஸில் அழுத்தம் பல மடங்கு. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிந்தாலும் ஆல்புமின் வெளியேறக்கூடாது.

தடிமனான சவ்வுக்குத்தான் காவல் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். குட்பாஸ்சர் நோயில் உடலின் எதிர்ப்பொருள் நான்காம் வகை கொலாஜனின் ஆல்பா-3 இழையையே தாக்குகிறது. அந்த இழை இரு உறுப்பிலும் உண்டு. ஆனால் குளோமருலஸ் தந்துகியின் உள்பூச்சு சல்லடை போல் துளைகள் கொண்டது. எதிர்ப்பொருள் நேரே சவ்வைத் தொட்டுவிடும். நுரையீரல் தந்துகியில் அந்தத் துளைகள் இல்லை. புகைபிடித்தல் போன்ற வேறொரு காயம் முதலில் வழிவிட்டால்தான் பெரும்பாலும் அங்கே ரத்தம் கசியும். ஆல்போர்ட் நோயிலோ, அதே கொலாஜனின் இழைகள் பிறவியிலேயே பழுதாவதால் சிறுநீரகமும் காதும் கெடும், நுரையீரல் தப்பிவிடும்.

எலிக்காய்ச்சல் இந்தக் கணக்கை மாற்றிப் போடுகிறது. அதன் கிருமியான லெப்டோஸ்பைராவின் மேற்பரப்புப் புரதங்கள் லேமினினையும் கொலாஜனையும் பற்றிக்கொள்ளக்கூடியவை. ஆனாலும் சிறுநீரகத்தில் கிருமி குடியேறுவது நுண்குழல்களில். அடி விழுவதும் பெரும்பாலும் அங்கேயும் சுற்றுத் திசுவிலும்தான். குளோமருலஸ் பெரிதும் பிழைத்துக்கொள்கிறது. நுரையீரலிலோ தந்துகிச் செல்கள் குலைந்து, நுண்ணறைக்குள் ரத்தம் நிரம்புகிறது. கினிப்பன்றிச் சோதனைகளில் நுண்ணறைச் சுவர் நெடுக எதிர்ப்பொருள் படிந்திருந்ததும் தெரிந்தது. குட்பாஸ்சரை நினைவூட்டும் காட்சி.

என் பார்வையில், சவ்வின் கட்டுமானத்தை மட்டும் படித்து நோயைக் கணிக்க முடியாது. அதன் இருபுறமும் உள்ள செல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிறுநீரகம் சேதமானால் டயாலிசிஸ் செய்து நாள்களை ஓட்டலாம், பலருக்கு அது திரும்பவும் தேறிவிடும். நுரையீரல் ரத்தக்கசிவு அவ்வளவு அவகாசம் தராது. சேற்று வயலில் இறங்கி வேலை செய்பவர்கள் காய்ச்சலோடு சளியில் ரத்தக்கோடு கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.