ஒரு சிட்டிகை உப்பு

செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்கு வழங்கும் உதவியைப் பற்றிப் பேசுவோர், எத்தனை கோடி வழங்கப்பட்டது என்று கேட்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். அக்கோடிகள் ஓர் ஏழையின் அடுப்படிவரை சென்றனவா என்று விசாரிப்போர் அரியர். இவ்விசாரணைக்குப் பங்களாதேஷின் வரலாற்றைப் போல் தகுந்த களம் வேறொன்று நமக்குத் தெரியவில்லை. 1970 நவம்பரில் வீசிய புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டு போர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். பிறந்தபோதே பிறர் கையை எதிர்நோக்க நேர்ந்த நாடு அது.

அந்தக் கை எத்தகையது என்பதை 1974 காட்டிற்று. வெள்ளத்தால் வேலையிழந்த கூலி மக்கள், ஏறிய விலைக்கு அரிசி வாங்க இயலாமல் மடிந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில், கியூபாவுக்குச் சணல் சாக்குகளை விற்ற குற்றத்திற்காக அமெரிக்கா தன் உணவு உதவியை நிறுத்தி வைத்தது. விற்பனையைக் கைவிட்ட பின்னரே தானியம் வந்தது. அதற்குள் பஞ்சம் தன் வேலையை முடித்திருந்தது. அவ்வாண்டு நாட்டில் தலைக்குக் கிடைத்த உணவு தானியம் முன்பின் ஆண்டுகளைவிடக் குறைந்திருக்கவில்லை என்று அமர்த்தியா சென் பின்னர் எடுத்துக் காட்டினார். ஆக, ஏழைக்கு அற்றுப்போனது அரிசியன்று. அதை வாங்கும் சக்தி.

நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் தவறியதுண்டு. குளத்து நீரால் பரவும் நோய்களைத் தடுக்க, யூனிசெஃப் நிறுவனத்தின் துணையோடு 1970களில் கிராமந்தோறும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. மக்களும் தம் செலவில் லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டனர். நீர் தெளிவாக இருந்தது. அதில் ஆர்சனிக் நஞ்சு உண்டா என்று எவரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் உண்மை வெளிப்பட்டது. பின்னர் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்நீரைக் குடித்திருந்தனர்.

இனி நம் மனத்தை நிறைவிக்கும் அத்தியாயத்துக்கு வருவோம். வாந்திபேதி கண்டவர்க்கு நரம்பு வழியே சலைன் ஏற்றுவதே மருத்துவமாக இருந்த காலம். அது பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிட்டும், குடிசையில் கிட்டுமா? வெளிநாட்டுப் பொருளுதவியில் 1960இல் அமைந்த டாக்கா காலரா ஆராய்ச்சிக் கூடத்தில், டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இளம் மருத்துவர்கள் உப்பும் குளூக்கோஸும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்து, சலைனின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1968இல் நிறுவினர். சர்க்கரைச் சத்து உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதே இதன் சூட்சுமம். 1971இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலையே கலந்து, நோயாளியின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று.

ஆயினும் கண்டுபிடித்தது வேறு, கொண்டுசேர்ப்பது வேறு. அப்பணியை ஏற்றது 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபித் தொடங்கிய பிராக் அமைப்பு. எண்ணெய்க் கம்பெனி உத்தியோகத்தையும் லண்டன் வீட்டையும் துறந்து வந்த கணக்காளர் அவர். கணக்காளரின் கண் இத்திட்டத்தில் முழுதும் தெரிகிறது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர்: இதைக் கலக்கக் கற்பிக்க 1980 முதல் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். சென்ற வீடுகளின் எண்ணிக்கைக்காக அவர்களுக்கு ஊதியமில்லை. சில நாள் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று சோதிப்பார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதற்கேற்பவே ஊதியம்!

அவ்வாறு சோதித்ததில் கசப்பான உண்மையொன்று தெரியவந்தது. தாய்மார் கற்றிருந்தனர், ஆனால் பலர் அதைக் கொடுக்கவில்லை. கற்பித்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை குறைவாக இருந்ததாம். பிராக் அதை மறைக்கவில்லை. ஊழியர்களுக்கு விஞ்ஞான விளக்கம் அளித்து, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களிடமும் பேசச் செய்தது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு அக்கல்வி சென்றடைந்தது.

திருமறை ஜகாத்துக்குரிய எண்வகையினரைக் கூறுகையில், ஏழை எளியோரை அடுத்து அதைத் திரட்டி விநியோகிக்கும் ஊழியரையும் சேர்த்திருக்கிறது. கொண்டுசேர்ப்பதும் கூலிக்குரிய ஒரு தொழில் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அங்ஙனமிருந்தும் ரமலானில் வாசலில் வரிசையாக நிற்போர்க்குச் சேலையும் சில்லறையும் கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த ரமலானில் அதே முகங்களைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

2002இல் பிராக் பரம ஏழைகளுக்கென்றே மற்றொரு திட்டம் வகுத்தது. ஒரு மாடோ ஆடுகளோ கொடுத்து, அது பலன் தரும்வரை சிறு உதவித்தொகையும் தந்து, ஈராண்டளவு உடனிருந்து பழக்குவது அதன் முறை. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இம்முறையைச் சோதித்து, உதவி நின்று ஓராண்டு கழித்தும் அவ்வீடுகளுக்குச் சென்று கணக்கெடுத்தனர். 2015இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலான இடங்களில் உணவும் உடைமையும் கூடியிருந்தன. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் பெரும்பாலும் நோயுற்று மடிந்துபோயின. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.