ஒன்றரைக் கட்டை

பர்மிங்ஹாமுக்கும் அம்பத்தூருக்கும் உள்ள உறவு ஸைக்கிளில் தொடங்கியது. அந்த இங்கிலாந்து நகரத்தில் ஆஸ்டன் என்று ஒரு பேட்டை. ஹெர்குலிஸ் ஸைக்கிள் அங்கேதான் உற்பத்தியாகி வந்தது. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் தொழிற்சாலை நிறுவினார்கள், ஹெர்குலிஸ் அம்பத்தூர்வாசியாயிற்று. 1961-ல் பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி, டி.வி.எஸ். நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பாடிக்கு வந்து சேர்ந்தது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். அதே ஆஸ்டனிலிருந்து ஒரு சங்கீதமும் புறப்பட்டது என்பதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

1968-ல் ஆஸ்டன் வாலிபர்கள் நால்வர் ஒரு கோஷ்டி சேர்த்தார்கள். பின்னால் அதற்கு 'பிளாக் ஸாபத்' என்று பெயர் நிலைத்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் முன்பு லூகாஸ் தொழிற்சாலையில், கார் ஹாரன்களுக்குச் சுருதி கூட்டும் வேலை பார்த்தவர். உலகத்தில் எத்தனையோ வகைக் குருகுலங்கள் உண்டு, இதுவும் ஒன்று! கீஸர் பட்லரும் பில் வார்டும் மற்ற இருவர். நான் சொல்ல வந்தது நான்காமவரைப் பற்றி.

டோனி அயோமி ஒரு தகடு வேலைத் தொழிற்சாலையில் இருந்தார். வயது 17. கிதார் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள நிச்சயித்து, வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். வழக்கமாக பிரஸ்ஸில் நிற்கும் ஆள் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. இடது கைக்காரரான அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் நேர்ந்த தீவிபத்தில் இடது கையின் இரு விரல்கள் பயனற்றுப் போன பின்பும் கிதாரில் கொடி நாட்டியவர். அதைக் கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குக் குப்பி செய்தார். மேலே தோல் ஒட்டினார். தந்திகளை மெல்லியதாக்கினார். அப்படியும் வலித்தது.

அந்த வலிக்கு விடையாகத்தான் 1971-ல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' என்ற இசைத்தட்டு எனக்குத் தோன்றுகிறது. அதன் பல பாட்டுகளில் அயோமி தந்திகளைத் தளர்த்தி, கிதாரின் சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கிவிட்டார். நம் பாஷையில் சொன்னால், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டை. தளர்ந்த தந்தி விரலை அறுக்கவில்லை. நாதமோ பாதாளத்திலிருந்து கிளம்பிற்று. தட்டு ஓர் இருமலோடு ஆரம்பிக்கிறது. 'இன்டு த வாய்ட்' என்ற கடைசிப் பாட்டில் கிதார் இறங்கி, நின்று, மறுபடி இறங்கும்போது, இரவு ஷிப்டில் தொழிற்பேட்டையின் தெருவில் நடக்கிற நினைவு எனக்கு வரும். பிசாசுச் சங்கீதம் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் இதே தட்டில் 'ஆஃப்டர் ஃபாரெவர்' தெய்வத்தின் கட்சி பேசுகிறது. 'ஸாலிட்யூட்' ஒரு தனிமைப் புலம்பல்.

விரல் போனதால் அல்லவா இந்த நாதம் பிறந்தது என்று ரசிக நண்பர்கள் பரவசப்படுவார்கள். அந்தப் பரவசம் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் கிளாஸை நீட்டும் கைகளைக் கவனித்தால், நடுவே ஒரு விரல் குட்டையாக இருக்கும் கைகள் தென்படும். பவர் பிரஸ் வாங்கிக்கொண்ட விரல்கள் அவை. 1948-ஆம் வருஷத்துத் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் சட்டம் இதற்கென்று ஓர் அட்டவணையே போட்டது. சம்பாதிக்கும் சக்தியில் நஷ்டம்: நடுவிரல் முழுவதும் போனால் 12 சதவிகிதம், மோதிர விரல் என்றால் 7, நுனி மட்டும் என்றால் இன்னும் குறைவு. அந்தக் கைக்காரர்களில் யார் மிருதங்கம் பழகினார், யார் கோயிலில் நாகஸ்வரம் ஊதினார் என்று கேட்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

அயோமியின் பெருமை விபத்தில் இல்லை. முழு விரல் உள்ளவர்களுக்காகச் செய்த வாத்தியத்தைத் தம் விரலுக்கு இணங்கும்படி அவர் இறக்கிக்கொண்டாரே, அதில் இருக்கிறது.

2025 ஜூலை 5-ஆம் தேதி நால்வரும் அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் கடைசி முறையாகச் சேர்ந்து பாடினார்கள். 22-ஆம் தேதி ஆஸ்போர்ன் காலமானார். உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஹாரனுக்குச் சுருதி கூட்டிய அந்தப் பையனுக்காகப் பாடியிலும் அம்பத்தூரிலும் ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால், அந்த ஒரு நிமிஷம் சில விரல்களுக்கும் ஓய்வு கிடைத்திருக்கும்.