மலைவழி அறிந்தோர்

வடதுருவப் பனிவெளியில் இன்று இயந்திர ஊர்திகள் விரைகின்றன. ஆயினும், பனியின் இயல்பறிந்த வழிகாட்டி முன்செல்லாவிடின் பயணிக்குப் பாதுகாப்பில்லை. நார்வே நாட்டு அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகரையில் தங்கி, பனிநாட்டு வாழ்க்கையை இனுவிட் மக்களிடமே கற்றார். 1911இல் தென்துருவம் அடைந்தபோது அக்கல்வியே அவருக்குத் துணை நின்றது.

நம் ஆனைமலைத் தொடரின் வரலாறும் இத்தகையதே. சென்னைப் படையதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் 1862இல் ஆனைமுடி ஏறினார் என ஏடுகள் கூறும். அதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மலைகளில் குடியேறியவர் முதுவர். மதுரையினின்று பெயர்ந்தபோது மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகிற் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

இடுக்கியின் இரவிகுளம் தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடாக இருந்த நாளில், அங்குக் காவல் புரிந்தோர் முதுவரே. 1978இல் அது தேசியப் பூங்காவாயிற்று. பொள்ளாச்சி, சேத்துமடை வழியே பாலக்காட்டுப் பறம்பிக்குளம் செல்வோரைக் காட்டினுள் அழைத்துச் செல்வோரும் அம்மலைக் குடிகளே.

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் முதுவரை எண்ணிப் பார்த்தல் தகும். வந்த மலையின் தடங்களைக் கற்றுத் தமதாக்கிக் கொண்டதனாலன்றோ அவர்கள் பிறர்க்கு வழிகாட்டுவோர் ஆயினர்!